குளியலறையில் எரியும் அடுப்பு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே என் கைப்பேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். சிரம்பான், லுக்குட், ரந்தாவ், லாபு என்று நெகிரி செம்பிலானின் பல மூலைகளிலிருந்தும் அழைப்பு வரும். "அண்ணே, ஹீட்டர்ல தண்ணி சூடாவே வரல. பெருநாளுக்குள்ள வந்து பார்த்திடுங்கண்ணே" என்பார்கள். சிலர், "பத்த வெச்சா டப்புனு ஒரு சத்தம் கேக்குது" என்பார்கள். எரிவாயுக் கருவிகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "தம்பி, இதுல இருந்து வர்ற புகை எங்கே போகுது?" என்று இத்தனை ஆண்டுகளில் என்னைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

நான் பிறந்து வளர்ந்தது போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே வெந்நீர் என்றால் லயத்துக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மூன்று கல் அடுப்பு. அதன் மேல் கரி பிடித்த அண்டா. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்த காலத்தில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. பாட்டி ஊதுகுழலால் ஊதுவார். புகை எங்கள் பக்கம் திரும்பினால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாங்கள் மறுபக்கம் போய் உட்காருவோம். இன்று நான் வீடு வீடாக எச்சரிக்கிற அதே நச்சு வாயு அந்த விறகுப் புகையிலும் இருந்தது. சொல்லப்போனால் அதிகமாகவே இருந்தது. ஆனால் அடுப்பு வெட்டவெளியில் எரிந்தது. குளியலறைக்குள் வெந்நீரைத்தான் வாளியில் மொண்டு கொண்டுபோனோம். நெருப்பைக் கொண்டுபோனதில்லை.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடியேறினார்கள். அண்டா இருந்த இடத்தில் இப்போது சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது.

நம் ஊரில் அந்தப் பெட்டி பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குவது. அதன் ஆபத்து வேறு வகை: மின்கசிவு. வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தாலே பாதி நிம்மதி. அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாக எழுத வேண்டும். இன்று நான் பேச வந்தது கேஸ் தோம்பில் இயங்கும் ஹீட்டரைப் பற்றி. பெரிய குடும்பம், பிள்ளை பெற்றவருக்கு வேளாவேளைக்கு வெந்நீர் வேண்டிய வீடு, 15 ஆம்பியர் இழுக்கும் மின் ஹீட்டரைத் தாங்காத பழைய வயரிங் உள்ள தோட்டத்து வீடு, முதியோரைப் பராமரிக்கும் வீடு என்று பலரும் இதை வாங்குகிறார்கள். இணையக் கடையில் மலிவாகவும் கிடைக்கிறது. புகைக்குழாயே இல்லாமல் வந்து சேரும் பெட்டிகளும் அவற்றில் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு

மாணவர்களே, படிவம் 5 இரசாயனத்தில் 'கார்பன் சேர்மங்கள்' பாடத்தில் முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் என்று படிக்கிறீர்கள். தேர்வுக்குச் சமன்பாடு எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அந்தச் சமன்பாடு உங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில்தான் தொங்குகிறது.

தோம்பிலுள்ள எல்.பி.ஜி. என்பது புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஐந்து பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான் என்பதால் ஏறக்குறைய 24 பங்கு காற்று தேவை. பியூட்டேனுக்கு 31 பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஹீட்டரைப் பார்ப்போம். பெட்டியின் மேல் '6 லிட்டர்' என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கும் என்று பொருள். அதற்கு ஏறக்குறைய 10.5 கிலோவாட் வெப்பம் வேண்டும். வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 12 கிலோவாட். வீட்டுக் குசினியில் ஓர் அடுப்பை முழுதாகத் திறந்தால் மூன்று அல்லது நான்கு கிலோவாட்தான். ஆக, நீங்கள் குளிக்கும்போது மூன்று கேஸ் அடுப்புகள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் எரிகின்றன.

பத்து நிமிடக் குளியலுக்கு 150 கிராம் கேஸ் செலவாகும். 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு என்றால், ஒரு குளியலுக்கு 28 காசு. ஒரு தோம்பில் 90க்கும் மேற்பட்ட குளியல். இந்தக் கணக்கு எல்லா அம்மாக்களுக்கும் பிடிக்கும். அடுத்த கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. அந்த 150 கிராம் கேஸ் எரிய ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம், 2.4 மீட்டர் உயரமுள்ள குளியலறையில் மொத்தமே 7,200 லிட்டர் காற்றுதான் இருக்கிறது. ஹீட்டர் அந்த அறைக்குள்ளேயே எரிந்தால், கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு ஒருவர் குளித்து முடிப்பதற்குள் கால் பங்குக்கு மேல் காற்று போய்விடும். அண்ணன், தங்கை, அப்பா, தாத்தா என்று நான்கு பேர் அடுத்தடுத்துக் குளித்தால், அறை முழுவதிலும் இருந்த காற்றைவிட அதிகமாக அந்தப் பெட்டி கேட்டிருக்கும்.

காற்று குறையக் குறைய நெருப்பு உடனே அணைந்துவிடாது. அணைந்துவிட்டால் நல்லது. அதற்குப் பதில் அது அரைகுறையாக எரியத் தொடங்கும். கார்பன் டையாக்சைடு வரவேண்டிய இடத்தில் கார்பன் மோனோக்சைடு வரும். தண்ணீர் அப்போதும் சூடாகத்தான் வந்துகொண்டிருக்கும். குளிப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "கேஸ் கசிஞ்சா வாசம் வந்திடுமே அண்ணே" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். எல்.பி.ஜி.க்கு இயல்பில் வாசமில்லை. கசிந்தால் தெரியட்டும் என்று அழுகிய முட்டைக்கோசு போல நாறும் ஒரு பொருளை அதில் கலக்கிறார்கள். நம் போர்ட்டிக்சனில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் 1960களிலிருந்து இயங்குகின்றன, எல்.பி.ஜி. கிடைப்பது அது போன்ற ஆலைகளிலும் இயற்கை எரிவாயு ஆலைகளிலும்தான். ஆனால் அந்த வாசம் எரியாத கேஸுக்கு மட்டும்தான். எரியும்போது வாசப் பொருளும் சேர்ந்து எரிந்துவிடும். எரிந்தபின் வரும் கார்பன் மோனோக்சைடுக்கு வாசமில்லை, நிறமில்லை, கண்ணையும் எரிக்காது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து சாக்கடைக்குள் இறங்கும். கார்பன் மோனோக்சைடோ ஏறக்குறையக் காற்றின் அதே எடை. அறை முழுவதும் பரவி நிற்கும். கேஸ் கசிவைக் காட்டும் கருவி இதைக் காட்டாது. வீட்டுக் கூரையிலுள்ள புகை உணர்வி இதைக் காட்டாது. இதற்கென்றே கார்பன் மோனோக்சைடு அலாரம் தனியாக உண்டு.

விரல் கருவி 98 காட்டும்

நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட கார்பன் மோனோக்சைடை 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. நுரையீரலுக்குள் காற்று போய் வந்தாலும் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. காற்றில் பத்து இலட்சத்தில் 800 பங்கு இருந்தால், ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும். அளவு 6,000ஐத் தாண்டினால் ஓரிரு நிமிடங்களிலேயே தலைவலி, கால் மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்து. இதில் கொடுமை என்னவென்றால், முதலில் தளர்வது கால்கள். 'மூச்சு முட்டுது, கதவைத் திறப்போம்' என்று நினைக்கும் நேரத்தில் தாழ்ப்பாளை எட்ட முடியாது. நீராவியும் வெந்நீரும் சேர்ந்த அறையில் இலேசான மயக்கம் வந்தால், 'சூட்டுல தலை சுத்துது' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இந்தியாவில் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று மருத்துவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். கீசர் என்பது அங்கே வாட்டர் ஹீட்டருக்கு வழங்கும் பெயர். குளியலறையில் மயங்கிக் கிடந்தவர்களை, வலிப்பு வந்தவர்களை மருத்துவமனைக்குத் தூக்கி வருவார்கள். முதலில் பலரை வலிப்பு நோயாளிகள் என்றே எண்ணினார்கள். அப்படி எண்ணியதற்கும் காரணம் உண்டு. தென்னிந்தியாவில் தலையில் வெந்நீர் ஊற்றும்போது வரும் 'வெந்நீர் வலிப்பு' என்று உண்மையிலேயே ஒரு நோய் இருக்கிறது; பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். குளியலறையில் விழுந்தார் என்றதும் எண்ணம் அந்தப் பக்கம் போவது இயற்கைதான். பிறகுதான், குளிர்காலத்தில், கேஸ் ஹீட்டர் உள்ள குளியலறையில், ஜன்னலை மூடிக் குளித்தவர்களுக்கு இது நேர்கிறது என்பதைக் கவனித்தார்கள். நம் பக்கத்தில் குளியலறையில் யாராவது விழுந்தால் மாரடைப்பு என்பார்கள், இல்லையென்றால் காற்று கருப்பு என்பார்கள். ஹீட்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேப்பாளத்துக்குச் சுற்றுலா போன எட்டுப் பேர், டாமன் என்ற மலையூரின் விடுதியறையில் இரவில் உறங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். குளிருக்காக அறையை மூடிவிட்டு கேஸ் ஹீட்டரை எரியவிட்டிருந்தார்கள். அது அறையைச் சூடாக்கும் கருவி, தண்ணீரை அல்ல. ஆனால் மூடிய அறை, எரியும் கேஸ் என்ற கணக்கு ஒன்றேதான்.

கோவிட் காலத்தில் நம்மில் பலர் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி வாங்கினோம். மயங்கியவருக்கு அதை மாட்டிப் பார்த்து, "98 காட்டுது, ஒண்ணுமில்ல" என்று படுக்கவைத்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தையும் கார்பன் மோனோக்சைடு ஏறிய இரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் நல்ல எண்ணாகவே காட்டும். செய்ய வேண்டியது இதுதான்: கதவு ஜன்னல்களைத் திறங்கள், கேஸை மூடுங்கள், ஆளை வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், 999ஐ அழையுங்கள். மருத்துவமனையில், "கேஸ் ஹீட்டர் ஓடிக்கிட்டிருந்த குளியலறையில விழுந்து கிடந்தார்" என்ற ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்போதுதான் அதற்கான இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சாதாரணக் காற்றில் இந்த நச்சு பாதியாகக் குறையவே நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். தெளிந்து எழுந்துவிட்டார் என்று வீட்டிலேயே விட்டுவிடுவதும் தவறு. சில நாள், சில வாரம் கழித்து ஞாபகமறதியும் தடுமாற்றமும் தலைகாட்டுவது உண்டு.

வீடு வளர்ந்தது, ஹீட்டர் உள்ளே வந்தது

கேஸ் ஹீட்டரைக் குளியலறைக்குள் பொருத்தவே கூடாது என்பது என் கட்சி. வெளிச்சுவரில், காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரலாம். இதைச் சொன்னால், "எங்க வீட்டுல வெளியிலதான் இருக்கு" என்பார்கள். நம் தாமான்களில் நான் அடிக்கடி காண்பது அந்த வெளி எங்கே போயிற்று என்ற கதையைத்தான்.

சிரம்பானில் ஒரு தரை வீடு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஹீட்டரைப் பின்சுவரில் ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறார்கள். பிறகு மகள் திருமணத்துக்காக வீட்டைப் பின்பக்கம் எடுத்துக் கட்டினார்கள். பின்முற்றத்துக்குக் கூரை வந்தது, சுவர் வந்தது, மழைச் சாரலுக்குக் கண்ணாடி வந்தது, குசினி பெரிதானது. ஹீட்டர் மட்டும் அதே சுவரில், அதே ஆணியில். இப்போது அது குசினிக்குள் இருக்கிறது. அதன் புகைவாய் திறப்பது சாப்பாட்டு மேசைக்கு மேலே. அந்த வீட்டு அம்மா, "காலையில சமைக்கும்போது ஒரே தலைவலி தம்பி, வயசாயிடுச்சு" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் வீட்டுக்குப் போனால் தலைவலி இருப்பதில்லையாம். வீட்டில் வந்து வெளியே போனால் விடும் தலைவலி என்றாலே எனக்குக் காது கூர்மையாகிவிடும். என் கருவியை ஹீட்டருக்குக் கீழே வைத்தேன். எண் ஏறத் தொடங்கியதும் அவர் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று மாலையே ஹீட்டரைக் கழற்றிப் புதிய வெளிச்சுவருக்கு மாற்றினோம்.

புகைக்குழாயைக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். பார்க்க அழகாக இருக்கும். புகை சீலிங் வழியாக எல்லா அறைக்கும் போகும். வெளியே மாட்டினாலும் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே மாட்டினால் பயனில்லை. 2006இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் விடுமுறைக்குப் போன இரண்டு பிரிட்டிஷ் குழந்தைகள் இறந்தார்கள். வெந்நீர் பாய்லர் அவர்கள் தங்கிய அறையில் இல்லை. ஒட்டியிருந்த சின்னக் கொட்டகையில் இருந்தது. குழாய்கள் போகச் சுவரில் போட்ட துளை வழியாக நச்சு உள்ளே வந்தது.

சென்சாரை ஏமாற்றாதீர்கள்

இப்போது வரும் நல்ல ஹீட்டர்களில் பாதுகாப்புக் கருவிகள் பல உண்டு. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்த ஒன்று, தண்ணீர் அழுத்தம் இல்லாவிட்டால் எரியவிடாமல் தடுக்க ஒன்று, புகைவிசிறி சுற்றாவிட்டால் நிறுத்த ஒன்று. ஹீட்டர் அடிக்கடி அணைகிறது என்றால் இவற்றில் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்கிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் "அணையாம ஓடணும், அவ்வளவுதான்" என்று கேட்கும் வாடிக்கையாளரும், இரண்டு வயரை முறுக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகும் ஆளும் எல்லா ஊரிலும் உண்டு. சென்சார் வயர்களை ஒட்டுநாடாவால் சேர்த்துக் கட்டிய பெட்டிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் இது பெரிய வழக்காகவே நடந்தது. பலோமா என்பது அங்கே பெயர் பெற்ற கேஸ் கருவி நிறுவனம். அதன் சில வகை ஹீட்டர்களில் புகையை வெளியேற்ற ஒரு விசிறி இருந்தது. விசிறி நின்றால் கேஸும் நிற்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டி அமைந்திருந்தது. அந்தப் பெட்டி பழுதாகி ஹீட்டர் எரியாமல் போனபோது, பழுது பார்க்க வந்தவர்கள் வயரை மாற்றி இணைத்து, விசிறி சுற்றாவிட்டாலும் எரியும்படி செய்தார்கள். வீட்டுக்காரருக்கு வெந்நீர் கிடைத்தது. 1985 முதல் 2005 வரை அந்த ஹீட்டர்களால் 20க்கும் மேற்பட்டோர் கார்பன் மோனோக்சைடால் இறந்தார்கள். தனித்தனி ஊர்களில், தனித்தனி ஆண்டுகளில் நடந்ததால் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. 2006இல்தான் முழு விவரம் வெளியே வந்தது. கடைசியாக இறந்தவர்களில் தோக்கியோவைச் சேர்ந்த 18 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். 2010இல் தோக்கியோ நீதிமன்றம் நிறுவனத்தின் முன்னாள் தலைவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. வயரைத் திருப்பியது அவர் கை அல்ல. ஆபத்து தெரிந்திருந்தும் ஹீட்டர்களைத் திரும்பப் பெறாமல், மக்களை எச்சரிக்காமல் விட்டார் என்பதே குற்றச்சாட்டு.

நீங்களே பார்க்கக்கூடியவை

ஹீட்டரைத் திறக்கத் தேவையில்லாத வேலைகள் பல இருக்கின்றன. வீட்டில் ஓர் இளையவர் இதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியே சுடரைப் பாருங்கள். நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக, நீண்டு ஆடினால் காற்று போதவில்லை. பெட்டியின் மேற்பகுதியிலோ புகைவாயிலோ கரி படிந்திருந்தால், அந்த ஹீட்டரை அன்றே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பற்றவைக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால், பொறி தாமதமாக விழுகிறது. அதற்குள் கேஸ் தேங்கிவிடுகிறது என்று அர்த்தம். பல நேரம் பேட்டரி தீர்ந்திருக்கும். இரண்டு பெரிய பேட்டரிகளை மாற்றினாலே சரியாகிவிடும். மாற்றியும் சத்தம் வந்தால் பர்னரில் அடைப்பு.

அடைப்பு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நகரத்து ஹீட்டரில் தூசி அடைக்கும்; தோட்டத்து ஹீட்டரில் குளவி. மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவிக்கு புகைவாயையும் பர்னருக்குக் காற்று போகும் துளைகளையும்விட நல்ல இடம் கிடையாது. பல்லி முட்டையும் எடுத்திருக்கிறேன், சிலந்தி வலையை உருண்டை உருண்டையாக எடுத்திருக்கிறேன். சில வாரம் பயன்படுத்தாமல் விட்ட ஹீட்டரை மறுபடி ஏற்றுவதற்கு முன் புகைவாயை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது எலி. செம்பனைப் பழத்துக்கு எலி எவ்வளவு ஆசைப்படும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே பல் கேஸ் ஹோஸையும் பதம் பார்க்கும். ஹோஸை வளைத்து, கீறலோ பல் தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். சவர்க்கார நுரையை ரெகுலேட்டரிலும் இரண்டு முனைகளிலும் தடவினால், கசிவு இருந்தால் குமிழி வரும். லைட்டரைக் கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது! ஹோஸ் நன்றாகத் தெரிந்தாலும் இரண்டு ஆண்டில் மாற்றுவது என் வழக்கம். தோம்பு நிமிர்ந்து நிற்க வேண்டும், சாக்கடைக் குழிக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது.

தண்ணீர் சூடு குறைந்தால், தண்ணீர் உள்ளே வரும் இடத்திலுள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். துரு, மணல் என்று அதில் நிறையச் சேர்ந்திருக்கும். நான் போகும் பல வீடுகளில் இந்த ஒன்றுதான் கோளாறு. அதைச் செய்யாமல், அங்காடிக் கடைக்காரர்கள் பெரிய அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வீட்டு ஹீட்டர் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கேஸ் மிகுந்து, காற்று போதாமல், சுடர் மஞ்சளாகும். மற்றதை நான் மேலே சொல்லிவிட்டேன்.

எண்ணெய்க் குளியல் நாளுக்கு என் வாடிக்கையாளர்களிடம் ஓர் ஏற்பாடு சொல்வேன். ஹீட்டர் இன்னும் உள்ளேயே இருக்கும் வீடு என்றால், ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்து இரண்டு மூன்று பெரிய வாளிகளில் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, ஹீட்டரையும் தோம்பையும் மூடிவிட்டுப் பிறகு குளிக்கட்டும். தாத்தா பாட்டி குளிக்கும்போது தாழ்ப்பாள் போட வேண்டாம். ஒரு லயக்காரப் பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ அண்டா காலத்துக்கே போகச் சொல்ற" என்று சிரித்தார். ஹீட்டரை இடம் மாற்றும்வரை அப்படித்தான்.

பர்னரையும் சென்சாரையும் கழற்றுவது, புகைக்குழாய் போடுவது ஆகியவற்றை வீட்டில் செய்யக்கூடாது. சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம் தகுதி பெற்ற கேஸ் ஃபிட்டர்களை மூன்று வகுப்புகளில் பதிவு செய்கிறது. எஸ்.பி.எம். முடித்து, கையால் செய்யும் வேலையில் நாட்டமுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் இந்தத் தொழிலையும் எண்ணிப் பார்க்கலாம். இரசாயனப் பாடத்தை இவ்வளவு நேரடியாகப் பயன்படுத்தும் கைத்தொழில் குறைவு. வருடத்துக்கு ஒரு முறை அப்படிப் பதிவு பெற்ற ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் அட்டையைக் கேட்டுப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வேலை முடிந்ததும் ஹீட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, புகைவாயிலும் குளியலறைக்குள்ளும் கார்பன் மோனோக்சைடு அளவியை வைக்கச் சொல்லி, இரண்டு எண்களையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். அறைக்குள் எடுத்த எண் சுழியமாக இருக்க வேண்டும்.